கறுப்பு வெள்ளையில கண்காட்சிப் போஸ்டர் செய்தா "ஆர் மோசம் போனது?" எண்டு கேக்கினம். என்ன செய்யலாம்?

சல்லிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருகோணமலையில இருந்து எழுதுறன். படம் பிடிக்கிற நாலைஞ்சு பேர் சேர்ந்து வாற மாதம் கரைவலைத் தொழில் (கரையில நிண்டு வலை இழுத்து மீன் பிடிக்கிறது) பற்றி ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சி வைக்கிறம். மூண்டு நாள், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில. போஸ்டர் என்ட தலையில.

நான் செய்தது இதுதான்: ஏ2 தாள், முழுக்க வெள்ளை. நடுவுக்குச் சற்று மேல "கரைவலை" எண்டு தடிச்ச கறுப்பு எழுத்து. இடப்பக்க அடி மூலையில திகதி, நேரம், இடம், மூண்டு மொழியிலயும் பொடி எழுத்தில. அவ்வளவுதான். படமில்லை, போடர் இல்லை, பின்னால மங்கலாக் கடலுமில்லை. ரெண்டு கிழமை மினக்கெட்டு ஒவ்வொண்டாக் கழிச்சுக் கழிச்சு இதில வந்து நிண்டனான்.

சோதிச்சுப் பாப்பமெண்டு நாலு ஏ4ஐ ஒட்டி ஏ2 ஆக்கிப் படலையில தொங்கவிட்டன். சந்தையால வந்த முன்வீட்டு அன்ரி நிண்டு பாத்திட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆர் தம்பி மோசம் போனது?" எண்டு கேட்டா. மரண அறிவித்தல் எண்டு நினைச்சிட்டா.

குழுக் கூட்டத்தில நடந்தது வேற கதை. மூத்த அங்கத்தவர் ஒருத்தர் தாளைத் திருப்பிப் பாத்தார், பின்பக்கம் ஏதும் கிடக்கோ எண்டு. "வெறிச்செண்டு கிடக்குது. பிரதம விருந்தினர் எங்க? அனுசரணை எங்க? ஒரு குத்துவிளக்காவது போடும்."

மினிமல் போஸ்டர் எங்கட ஊருக்குச் சரிவருமோ, இல்லாட்டி நான் படம் பாத்துப் படிச்ச பைத்தியமோ எண்டு இப்ப எனக்கே சந்தேகம்.

வெள்ளைத்தாள்

ஒண்டும் அடிக்காத தாளை ஒட்டிவிடுங்கோ. மை மிச்சம். ஆரும் கேட்டா கலை எண்டு சொல்லலாம்.

கோணமலை_பெனர்

நான் பெனர், போஸ்டர் அடிச்சுக் குடுக்கிற ஆள். என்னட்ட வாறவை கேக்கிற முதல் கேள்வியே "இதில இன்னும் கொஞ்சம் இடம் கிடக்கே, என்ன போடலாம்?" எண்டதுதான். சதுர அடிக் கணக்கில காசு கட்டுறவருக்கு, சும்மா விட்ட ஒவ்வொரு அடியும் கையால போன காசு. அவரில பிழை சொல்லேலாது. காணி வாங்கினவர் ஒரு மூலையில வீட்டைக் கட்டிப்போட்டு மிச்சத்தை வெளியா விட்டா ஊர் என்ன கதைக்கும்?

மற்றது பெயர். திருவிழா நோட்டீஸில ஒரு உபயகாரரின்ட முதலெழுத்துப் பிழைச்சுப் போனதுக்கு நான் முழுக்கத் திருப்பி அடிச்சுக் குடுத்திருக்கிறன், என்ட செலவில. அப்பிடியான ஊரில பெயரே இல்லாத போஸ்டர் எண்டா உங்களுக்கு நல்ல துணிவு தம்பி.

நுண்கலைக்காரி

சல்லிக்கரை, உங்கள் முன்வீட்டு அன்ரிதான் இந்தப் போஸ்டரின் முதல் விமர்சகர். அவர் கேட்டதைச் சிரித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள்.

அதற்கு முன் ஒன்று. மினிமல் என்றால் விடயத்தைக் குறைப்பது என்ற எண்ணத்தில் நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள் என்று படுகிறது. எல்லாரும் உதாரணம் காட்டுகிற போஸ்டர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். 1960இல் சூரிச் கலைத்தொழில் அருங்காட்சியகத்தில் சினிமா பற்றி நடந்த கண்காட்சிக்கு சுவிஸ் வடிவமைப்பாளர் ஜோசப் மியூலர்-புரோக்மன் செய்த "டேர் ஃபில்ம்" (ஜெர்மனில் "திரைப்படம்"). முழுக் கறுப்புத் தளம். "டேர்" சாம்பல் நிறம், "ஃபில்ம்" வெள்ளை. முதற்சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்த சொல்லின் முதலெழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், ஒரு காட்சி கரைய அடுத்தது வருவதுபோல. தூரத்தில் நின்றால் இவ்வளவுதான் தெரியும். கிட்ட வந்தால் அருங்காட்சியகத்தின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்பதுவரை அத்தனையும் உண்டு. எதையும் அவர் வெட்டவில்லை.

இன்னும் பழையது: சுவிஸின் பாசல் நகரின் குன்ஸ்ட்ஹாலே கலைக்கூடத்தில் 1937இல் நடந்த கொன்ஸ்ட்ரக்டிவிஸ்ட் என்ற கலை இயக்கத்தாரின் கண்காட்சிக்கு யான் சிஹோல்ட் செய்தது. ஒரு வட்டம், ஒரு மெல்லிய கோடு, மிச்சம் வெளி. ஆனால் பங்குபெற்ற கலைஞர்களின் பெயர்ப் பட்டியல் அதிலேயே இருக்கிறது. கண்டின்ஸ்கி, மொண்ட்ரியன், லிசிற்ஸ்கி என்று ஒரு டசின் பேர், சிறிய எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. அந்த நிரலை எடுத்துவிட்டால் வட்டம் தன் சமநிலையை இழந்துவிடும்.

உண்மையாகவே கழித்தவர் என்றால் லூசியன் பேர்ன்ஹார்ட். 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் பிறீஸ்டர் தீப்பெட்டிக்கு நடந்த போட்டியில், முதலில் மேசை, சாம்பல் தட்டு, சுருட்டு, புகையில் ஆடும் பெண்கள் என்று எல்லாம் வரைந்தாராம். பார்த்த நண்பர் இதைச் சுருட்டு விளம்பரம் என்று நினைத்துவிட, ஒவ்வொன்றாக அழித்து அழித்துக் கடைசியில் இரண்டு தீக்குச்சியும் பெயரும் மிஞ்சின. ஆனால் அது சரக்கு விற்கும் போஸ்டர். தீப்பெட்டிக்குத் திகதி தேவையில்லை, இடம் தேவையில்லை. கண்காட்சிக்கு இரண்டும் தேவை. பேர்ன்ஹார்ட் கழித்தார், சுவிஸ்காரர் வரிசைப்படுத்தினார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

இப்போது அன்ரி. சூரிச்சில் கறுப்பைப் பார்த்தவனுக்குத் தியேட்டரின் இருட்டு ஞாபகம் வந்திருக்கும். திருகோணமலையில் வெள்ளைத்தாளில் கறுப்பாக ஒரே ஒரு சொல் பெரிதாக இருந்தால் அது யாருடைய பெயரோ என்றுதான் கண் தேடும். அவர் சரியாகத்தான் வாசித்தார்.

சல்லிக்கரை

அக்கா, அந்தத் திறந்திருக்கிற நேர விசயம் எனக்குத் தெரியாது. போனில பாத்த படங்களில அந்தப் பொடி எழுத்தெல்லாம் சும்மா கோடு மாதிரித்தான் தெரிஞ்சது. நான் அதை ஒரு அழகுக்கு எண்டு நினைச்சிட்டன்.

பழைய_கம்போசிட்டர்

பிள்ளைகள், கண் சரியில்லை. நான் சொல்லச் சொல்லப் பேரன் தட்டுகிறான். பிழை இருந்தால் அவன் கணக்கு.

நான் ஈய எழுத்துக் கோத்த ஆள். நீங்கள் வெற்றிடம், வெற்றிடம் என்கிறீர்கள். எங்களுக்கு அது பாரமான சாமான். கொம்பியூட்டரில் வெள்ளை தானாக வருகிறது. அச்சுக்கூடத்தில் வராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஸ்பேஸ் என்ற ஈயத்துண்டு வைக்க வேண்டும். வரி முடிந்து மிச்ச இடத்துக்குக் குவாட். வரிக்கும் வரிக்கும் நடுவே லெட். அதைவிடப் பெரிய வெளி என்றால் பர்னிச்சர் என்று மரக்கட்டை. இதெல்லாம் எழுத்தைவிட உயரம் குறைவு, அதனால் மை படாது. எல்லாவற்றையும் இறுக அடுக்கி, சேஸ் என்ற இரும்புச் சட்டத்துக்குள் வைத்துக் குவாயின் என்ற ஆப்பை முடுக்க வேண்டும். ஓரிடத்தில் தளர்ந்தாலும் மெஷின் ஓடும்போது எழுத்து எழும்பிப் பறக்கும். எழுத்துக் குறைந்த போஸ்டர்தான் எங்களுக்கு அதிக வேலை. அடைக்க வேண்டிய கட்டை கூட.

உங்கள் சொல்லைப் பேரன் வாசித்ததும் கை தானாக எண்ணியது. க, ை, ர, வ, பிறகு லை. அந்தக் காலத்து லை தும்பிக்கை போட்டது, ஒரே கட்டை. ஆக ஐந்து கட்டை. இப்போது க, ை, ர, வ, ை, ல என்று ஆறு. எங்களிடம் பெரிய மர எழுத்தில் ை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழைய லை இருந்தபடியால் "கரைவலை" கோத்திருப்பேன். "வலைகரை" என்று கேட்டாலும் கோத்திருப்பேன். "மழைவரை" என்று வந்திருந்தால் மன்னிக்கவும் என்று அனுப்பியிருப்பேன். நாடகக்காரரிடம் தலைப்பை மாற்றுங்கோ என்று கேட்டதும் உண்டு.

மரண அறிவித்தல் விசயத்துக்கு வருகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை. ஊரில் எல்லாரும் நின்று வாசிக்கிற ஒரே போஸ்டர் அதுதான். ஏன் என்று எவரும் யோசிப்பதில்லை. இறந்தவரின் பெயர் பெரிது. படம் ஒன்று. பிறகு "பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட". பிறகு இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று இருபது முப்பது பெயர், பொடி எழுத்தில். கடைசியில் கிரியை எத்தனை மணி, எந்த மயானம். தெருவில் போகிறவர் பெரிய பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். சொந்தக்காரர் கிட்ட வந்து தன் பெயரைத் தேடலாம். தங்கச்சி சொன்ன சூரிச் போஸ்டருக்கும் இதுக்கும் அமைப்பில் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மூத்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இத்தனை வருசத்தில் ஒரு மைத்துனராவது "என் பெயர் ஏன் சின்னது" என்று அச்சகத்துக்கு வந்து சண்டை பிடித்ததில்லை. பெயர் விட்டுப்போனால் வருவார். நன்றாக வருவார், ஆள் கூட்டிக்கொண்டு வருவார். சின்னதாக இருந்ததற்காக வந்ததே இல்லை.

கோணமலை_பெனர்

ஐயா சொன்னது நூறு வீதம் சரி. எனக்கு ஏன் இது இவ்வளவு நாளும் ஓடேல்லை?

வெள்ளைத்தாள்

அப்ப கண்காட்சிக்கு "31ஆம் நாள் அந்தியேட்டி"யும் சேத்துப் போடலாம்.

கிண்ணியாப்பாலம்

நான் கிண்ணியா. படிப்பிக்கிற ஆள், கலைக்காரன் இல்ல. எனக்கு விளங்கின கணக்கை மட்டும் சொல்றன்.

சைன்போர்ட் எழுதுற நானாமார்ட்ட ஒரு கைக்கணக்கு இருக்கு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயர எழுத்து. ஏ2 தாள் 420 மில்லிமீட்டர் அகலம். ஓரம் விட்டு "கரைவலை"ய ஒரே வரியில போட்டா எழுத்து ஒரு 45 மில்லிமீட்டர் உயரம் வரும், கூடினா. அது கிட்டத்தட்ட 18 அடிக்கு. பஸ் ஸ்டாண்ட் சுவர்ல ஒட்டினா இந்தப் பக்கம் நிக்கிறவருக்குக் காணும். ரோட்டுக்கு அங்கால நிக்கிறவருக்கு இல்ல. ஓட்டோவில போறவருக்குச் சந்தேகம்.

அடி மூலையில மூணு மொழியில போட்ட பொடி எழுத்து எவ்வளவு? 3 மில்லிமீட்டர் எண்டு வைப்பம். அது ஒரு அடி சொச்சம். ஆள் மூக்கை வைக்கோணும். அதுவும் மூலையில, அடியில. என்ட வாப்பா மாதிரி ஆக்கள் குனிஞ்சு பாக்கமாட்டாங்க. திகதி தெரியாட்டி ஆள் வராது. பெயர் விட்டுப்போனதவிட இது பெரிய பிழை எண்டுதான் எனக்குப் படுது.

அடுத்தது, மூணு மொழி. சிங்களத்தில கரைவலைக்கு "மாதெல" எண்டு சொல் இருக்கு, மூணே எழுத்து. உங்கட போஸ்டர்ல தமிழ் மட்டும் பெரிசு, சிங்களம் கீழ தூசி மாதிரி. இந்த ஊர்ல கரைவலை இழுக்கிறவங்க எல்லாச் சனமும்தானே?

நுண்கலைக்காரி

கிண்ணியாப்பாலம், நீங்கள் தொட்ட இடம் நல்ல இடம். சுவிஸ் தெருவில் ஒட்டும் போஸ்டருக்கு ஒரு நிலையான அளவு உண்டு: 90.5க்கு 128 சென்ரிமீட்டர். ஏ2 தாளைப்போல நாலரை மடங்குக்கு மேல் பரப்பு. அங்கே "பொடி எழுத்து" என்பது பொடி அல்ல, நின்று வாசிக்கலாம். நாங்கள் அதைத் தொலைபேசித் திரையில் பார்த்து, அந்த விகிதத்தை அப்படியே ஏ2, ஏ3 தாளுக்கு இறக்குகிறோம். விகிதம் வரும், வாசிப்பு வராது. மாணவர் வேலைகளில் நான் ஓயாமல் காண்கிற பிழை இது. வேறு எந்தப் பிழைக்கும் இவ்வளவு சிவப்புப் பேனா செலவழித்ததில்லை.

மூன்று மொழி பற்றி: எங்களுக்கு மட்டும் வந்த தலைவலி என்று நினைக்க வேண்டாம். சுவிஸிலும் ஒரே அறிவித்தலை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று போட வேண்டியிருந்தது. மியூலர்-புரோக்மனும் மூன்று நண்பர்களும் 1958 முதல் 1965 வரை நடத்திய "நோயே கிறாஃபிக்" சஞ்சிகை ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்று மொழியில் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. நான்கு பத்திக் கட்டம். மொழிக்கொரு பத்தி, மிச்சம் படத்துக்கும் வெளிக்கும். இந்தக் கட்டத்தைத்தான் "கிறிட்" என்று நாங்கள் பெரிய தத்துவம்போலப் பேசுகிறோமே, அதில் பாதி இந்த மாதிரி நடைமுறைச் சங்கடத்தால் பிறந்தது.

ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி: மூன்று மொழிக்கும் ஒரே எழுத்து. எங்களுக்கு மூன்று எழுத்து. ஒரே பொயின்ட் அளவில் தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் போட்டால் சமமாகத் தெரியாது. தமிழ் பக்கவாட்டில் ஓடும், சிங்களம் மேலும் கீழும் சுருளும், ஆங்கிலம் சின்னதாக ஒதுங்கி நிற்கும். பொயின்ட் இலக்கத்தை மறந்துவிட்டுக் கண்ணால் சமப்படுத்துங்கள். நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் தமிழும் சிங்களமும் ஒன்றையொன்று அனுசரித்து வரைந்திருப்பதால் அதில் தொடங்குவது சுகம்; இலவசமும்கூட. வரிக்கும் வரிக்கும் இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் கிட்ட வையுங்கள். ஆங்கிலத்துக்குப் போதும் என்கிற இடைவெளியில் கொம்பும் சுழியும் மோதிக்கொள்ளும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லை எங்களுக்கு இல்லை என்பது ஒரு ஆறுதல். ஜெர்மன்காரர் பெரிய எழுத்தை ஒழிக்க எத்தனை பாடுபட்டார்கள், பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் 1925இலிருந்து எல்லாமே சிறிய எழுத்து என்று. நாங்கள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

சல்லிக்கரை

மாதெல கதை எனக்குச் சுட்டது. உண்மையில யோசிக்கேல்லை. மூண்டு சொல்லையும் ஒரே தரத்தில வைச்சா "ஒரே சொல்" எண்ட என்ட யோசனை உடையுமே எண்டு பயம்.

இன்னொண்டு கேக்கோணும். ஐயா சொன்ன தும்பிக்கை லை. நேற்று இரவு கீறிப் பாத்தன். அந்தத் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு போனா வலைக்கயிறு மாதிரியே வருது! மேல தாளின்ட விளிம்பு வரைக்கும் இழுத்துவிட்டா, ஆரோ வெளியில நிண்டு இழுக்கிற மாதிரி. படமே தேவையில்லை. போடலாமோ?

பழைய_கம்போசிட்டர்

போடலாம் தம்பி. கேட்கவே கைக்குளிர்ச்சியாக இருக்கிறது.

கிண்ணியாப்பாலம்

என்ட பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டினன். முப்பது பேர்ல ரெண்டு பேர்தான் "லை" எண்டு வாசிச்சாங்க. ஒருத்தன் அது "ல"வுக்குத் தொப்பி போட்டது எண்டான். யோசிச்சுக்கொள்ளுங்க.

நுண்கலைக்காரி

1978இல் தமிழ்நாட்டு அரசு மாற்றிய 13 எழுத்துகளில் இது ஒன்று. பிறகு இங்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டது. ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அது எழுத்து இல்லை, படம். ஆனால் உங்கள் சொல்லில் வேறொன்று இருக்கிறது, கவனித்தீர்களா? புதிய முறையில் எழுதினால் ஒரே சொல்லில் இரண்டு ை. கரைவலையில் கயிறும் இரண்டுதான். வலையின் ஒவ்வொரு கரத்துக்கும் ஒன்று, கரையில் இரண்டு அணி இழுப்பவர்கள், நடுவில் மீன் சேரும் பையான மடி. பழைய லையைத் தேடிப் போக வேண்டாம். உள்ளதே போதும்.

சல்லிக்கரை

அக்கா!! நான் ரெண்டு கிழமை அந்தச் சொல்லையே முழிச்சுப் பாத்துக்கொண்டு இருந்தனான்.

வெள்ளைத்தாள்

சரி, இப்ப சீரியஸா ஒண்டு. இதெல்லாம் ஆருக்கு விளங்கும்? ரெண்டு ை ரெண்டு கயிறு எண்டு வழியில போறவருக்கு ஆர் விளக்கஞ் சொல்றது? நீங்க நாலு பேர் உங்களுக்குள்ள மெச்சிக்கொள்றதுக்கு எதுக்குச் சுவர்?

பழைய_கம்போசிட்டர்

விளங்க வேண்டியதில்லை தம்பி. கரைவலை என்று வாசித்தால் போதும். மிச்சம் செய்கிறவனின் சந்தோசம். அவனும் சம்பளமில்லாமல்தானே செய்கிறான்.

கோணமலை_பெனர்

நான் தொழில் விசயத்துக்கு வாறன். ஆரும் சொல்லேல்லை.

1. பழைய போஸ்டர் வெயிலில கிடந்தா நீலமாப் போறதைக் கண்டிருப்பியள். மஞ்சளும் மஜென்ராவும் முதல்ல வெளிறும், சியானும் கறுப்பும் நிண்டு பிடிக்கும். எங்கட வெயிலுக்கும் உப்புக் காத்துக்கும் சொல்லத் தேவையில்லை. அப்ப, செத்தவீட்டுக் கறுப்பு வேண்டாமெண்டா நீலத்துக்குப் போங்கோ. சியானோட கொஞ்சம் கறுப்பு. கடல் நிறமுமாச்சு, வெளிறவும் மாட்டுது.

2. ஓஃப்செட்டில ஒரே கலர் அடிக்கிறதெண்டா கறுப்புக்குப் பதிலா நீல மை போடலாம். மெஷின் கழுவுற காசு மட்டும் கூட வரும். ஆனா உங்களுக்கு வேணுமெண்டது அறுபது எழுபது கொப்பிதானே, டிஜிட்டலில எடுங்கோ.

3. டிஜிட்டலில பெரிய இடத்துக்கு முழு நிறம் நிரப்பினா கோடு கோடா விழும். வெள்ளைத் தளத்தை வெள்ளையாவே விட்டது நல்லது. மினிமலுக்கு நான் குடுக்கிற ஒரே சேர்ட்டிபிகேற் இது.

4. டோனர் எண்ட தூள் மை தாளின்ட மேலதான் இருக்கும், ஊறாது. மடிச்சா மடிப்பில வெடிச்சு உதிரும். உருட்டித்தான் கொண்டுபோகோணும்.

5. தமிழ் எழுத்தைக் கேர்வ் ஆக்கி, அதாவது வெறும் கோட்டு வடிவமா மாத்திப் போட்டு அனுப்புங்கோ. இல்லாட்டி என்ட கொம்பியூட்டரில "கரைவலை" என்னவா வரும் எண்டு நான் பொறுப்பில்லை.

சல்லிக்கரை

அஞ்சாவது எனக்கு நடந்தது அண்ணை. போன வருசம் ஒரு அச்சகத்துக்கு யூனிகோடில அனுப்பின ஃபைல், அவையின்ட பழைய போட்டோசொப்பில திறந்து, ை எல்லாம் எழுத்துக்குப் பின்னால போய் நிண்டுது. நான் பாக்கேக்க நூறு கொப்பி அடிச்சு முடிஞ்சுது. அவை "நீங்க பாமினியில தந்திருக்கோணும்" எண்டினம், அது யூனிகோட் இல்லாத பழைய எழுத்துரு. அழுகைதான் வந்தது.

நுண்கலைக்காரி

இல்லஸ்ரேற்றர், இன்டிசைன் இரண்டிலும் பத்தி அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கு ஏற்ற கொம்போசரை (இன்டிசைனில் அதன் பெயர் வேர்ல்ட்-ரெடி) தெரிவுசெய்தால் அந்தக் கொம்பு தன் இடத்தில் நிற்கும். காசில்லாதவர்களுக்கு இங்க்ஸ்கேப் எந்தக் கேள்வியும் கேட்காமல் தமிழைச் சரியாகக் காட்டும். ஆனாலும் கடைசியில் கேர்வ் ஆக்குவதுதான் நிம்மதி. ஆக்க முன் எழுத்துள்ள பிரதி ஒன்றைத் தனியாகச் சேமியுங்கள். திகதி மாறும். எப்போதும் மாறும்.

வேறு எழுத்துரு தேடுவதானால், கொழும்பில் மூனியாக் குழுவினர் வெளியிட்ட "போஸ்ட் நோ பில்ஸ் ஜெஃப்னா" என்ற தமிழ் எழுத்துருவையும் பாருங்கள். சுவரில் தகடு வைத்துப் பூசும் எழுத்தின் சாயல். விளம்பரம் ஒட்டாதீர் என்ற பெயருள்ள எழுத்தில் விளம்பரம் ஒட்டலாம்.

கிண்ணியாப்பாலம்

அந்தப் பெயருக்காகவே போடுங்க.

பழைய_கம்போசிட்டர்

ஒட்டுகிற கதையும் ஒன்று. கோதுமை மாவைக் கிண்டி ஆறவிட்டு ஒட்டுவீர்கள். புத்தகம் கட்டும்போது பூச்சி வராமல் பசையில் துரிசு கலப்போம். இதற்குக் கலக்க வேண்டாம். அது நஞ்சு. கோட்டைப் பக்கத்து மான்கள் பசை மணத்துக்குத் தாளை இழுத்துத் தின்னும். பாவம்.

சல்லிக்கரை

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன். மன்னிக்கோணும், வேலை.

கடைசியா நிண்டது இதுதான். ஏ1 ஆக்கினம், கொப்பியைக் குறைச்சு நாப்பது. வெள்ளைத் தளம், கடும் நீலம் ஒண்டு மட்டும். "கரைவலை" தாளின்ட முழு அகலத்துக்கு. அதுக்குக் கீழ அரைவாசி உயரத்தில மாதெல, அதே தரத்தில ஆங்கிலம், ரெண்டும் ஒரே வரியில. ரெண்டு ையின்ட மேல் வளைவில இருந்தும் ஒரு மெல்லிய கோடு மேல போய் விளிம்பில முடியுது. திகதி, நேரம், இடம் மூண்டும் கண் மட்டத்துக்கு வாற மாதிரி நடுவில, கிண்ணியா அண்ணன்ட கணக்குக்கு ரெண்டு மீட்டரில நிண்டு வாசிக்கலாம். அடியில ஒரே நிரலாப் பெயர்கள்: படம் பிடிச்சவை, படத்தில இருக்கிற சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்), வலை இழுக்கிற ஆக்கள், மண்டபம் தந்தவை, காசு தந்தவை, பிரதம விருந்தினர். எல்லாரும் ஒரே அளவு, அகரவரிசையில.

மூத்த அங்கத்தவரிட்ட ஐயா சொன்ன மைத்துனர் கதையைச் சொன்னன். சிரிக்கேல்லை. கன நேரம் பேசாமல் இருந்திட்டு, "என்ட பெயருக்கு முன்னால ஜே.பி. போடுவியோ?" எண்டு மட்டும் கேட்டார். சமாதான நீதவான் பட்டம் அது. போட்டன்.

ஆனா ஒண்டு பிழைச்சுது. கோட்டை வாசல் பக்கம் ஒட்டினதில அடிப்பக்கம் பசை கூடிப் போச்சு. அடுத்த நாள் விடிய ஒரு மான் நிண்டு பெயர் நிரலைத் தின்னுது. நான் போக, அனுசரணையாளர் வரைக்கும் முடிச்சிட்டுது. ஜே.பி. மட்டும் தப்பினார்.

முன்வீட்டு அன்ரி கண்காட்சிக்கு வந்தா. இந்தமுறை ஆர் செத்ததெண்டு கேக்கேல்லை. சல்லிக் கரையில எடுத்த ஒரு படத்துக்கு முன்னால நிண்டு, வலை மடியில கிடந்த மீனைக் காட்டி, "சூடையோ கீரியோ?" எண்டு கேட்டா. எனக்குத் தெரியேல்லை. படம் எடுத்தவருக்கும் தெரியேல்லை.

ஒன்பது கொப்பி மிச்சம் கிடக்கு. ஆருக்கும் வேணுமெண்டாச் சொல்லுங்கோ.

வெள்ளைத்தாள்

எனக்கொண்டு வையுங்கோ.

கோணமலை_பெனர்

எனக்கும் ஒண்டு, கடையில ஒட்ட. மடிக்காம, உருட்டி.

பழைய_கம்போசிட்டர்

தாத்தாவுக்கும் ஒன்று வேணுமாம். நான் பேரன். உப்புவெளியில இருக்கிறம், பின்னேரம் வந்து எடுக்கிறன். அந்த மீன் கீரியாம். படத்தை அனுப்பினீங்கள் எண்டா உறுதியாச் சொல்லுவாராம்.